டெக்னோ எந்த ஊருடையது? டெட்ராய்ட், பெர்லின், 'அசல்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்னோ என்ற மின்னணு ஆட்ட இசையைக் கேட்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். ஒருவர் பெர்லின்தான் இதற்குத் தாய்வீடு என்பார். இன்னொருவர் டெட்ராய்ட் என்று மேசையைத் தட்டுவார். மூன்றாமவர், ஒரு ஜெர்மன் மின்னணு இசைக் குழுவைக் காட்டி, "கிராஃப்ட்வெர்க் இல்லாவிட்டால் ரெண்டு ஊரும் இல்லை" என்று முடித்து வைக்கப் பார்ப்பார். நான் டெட்ராய்ட் பக்கம். ஏன் என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதைவிட, நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

டெக்னோ பிறந்தது எங்கே? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும், 1980களின் தொடக்கத்தில், கறுப்பின இளைஞர்களின் கையில்.

'டெட்ராய்ட்' என்கிறீர்கள். ஆனால் டெக்னோவின் மூலவர்கள் என்று சொல்லப்படும் மூன்று பேரும் பெல்வில்காரர்கள்தானே?

ஆமாம். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் பழகியது பெல்வில் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில். டெட்ராய்டிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரையில் இருக்கும் ஊர். வெள்ளையர்கள் நிறைந்த அந்த ஊரில் இவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பினப் பிள்ளைகளில் சிலர். சாண்டர்சன் பிறந்ததோ நியூயார்க்கின் புரூக்ளினில். சிறுவனாக மிச்சிகனுக்கு வந்தவர். பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொன்னால் டெட்ராய்ட் டெக்னோவின் மூலவர்களில் ஒருவரே தேறமாட்டார்.

இதை வைத்து "அப்போ டெட்ராய்ட் என்பதே கட்டுக்கதை" என்று சிலர் கிளம்புகிறார்கள். அவசரப்படுகிறார்கள். இந்த மூவருக்கும் காது திறந்தது டெட்ராய்ட் வானொலியில். எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற பெயரில் ஒரு அறிவிப்பாளர் இருந்தார். முகத்தை யாருக்கும் காட்டமாட்டார். ராத்திரி நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு விண்கலம் தரையிறங்கும் சத்தம் வரும். அப்புறம் ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட் குழு, பிரின்ஸ், கிராஃப்ட்வெர்க், பி-52ஸ் என்று வேலி எதுவும் பார்க்காமல் அடுத்தடுத்துப் போடுவார். கறுப்பர் பாட்டு, வெள்ளையர் பாட்டு என்று வானொலி நிலையங்கள் பிரிந்து கிடந்த நாட்டில் அது பெரிய காரியம். இவர்கள் பாட்டுப் போட்டதும், லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) தொடங்கியதும் நகரத்துக்குள்தான். கிழக்குச் சந்தைப் பகுதியில் மூவரின் லேபிள்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

டெட்ராய்டில் 1950இல் 18 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6,39,111 பேர். கார் தொழிற்சாலைகள் ஆளைக் குறைத்து ரோபோவைக் கூட்டின, வேலைகள் போயின, வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், மோட்டவுன் இசை நிறுவனமும் 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிவிட்டது. வீட்டில் யாராவது ஒருவர் கார் கம்பெனி சம்பளத்தில் இருந்த தலைமுறை இது. எதிர்காலத்தைப் பற்றி இந்தப் பிள்ளைகள் இசையமைத்தது சும்மா விண்வெளி மோகத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எந்திரம் வந்து மனிதனை வெளியே அனுப்பியதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள், அதே எந்திரத்தை வாங்கி வந்து தங்களுக்காக வேலை செய்ய வைத்தார்கள்.

கிராஃப்ட்வெர்க் ஜெர்மானியர்கள். அப்படியென்றால் மூலம் ஜெர்மனிதானே?

கிராஃப்ட்வெர்க் டுசல்டோர்ஃப்காரர்கள், பெர்லின்காரர்கள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட்காரர்கள் யாரும் அந்தக் கடனை மறைத்ததில்லை. ஜார்ஜ் கிளின்டனும் கிராஃப்ட்வெர்க்கும் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டது போல என்று டெரிக் மே தன் இசையை விளக்கியது பிரசித்தம்.

சரி, அந்த லிஃப்டில் இருவர் இருந்தார்கள் அல்லவா? இரண்டாம் ஆளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முதல் ஆளை மறப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. கிளின்டனின் ஃபங்க் என்ற கறுப்பின ஆட்ட இசை இல்லாமல் டெட்ராய்டின் பாஸ் வரி (பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்கள்) இல்லை. எந்திரங்களின் கணக்கைப் பார்த்தால் ஜப்பானையும் சேர்க்க வேண்டும். ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 டிரம் மெஷின் கடைகளில் சரியாக விற்கவில்லை, மூன்றே வருடத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் அது பழைய பொருளாக, காசில்லாத இளைஞர்களின் கைக்கு எட்டும் விலையில் வந்தது. கத்தி செய்த ஊர் வேறு, சமைத்த ஊர் வேறு. சாப்பாட்டுக்குச் சமைத்தவர் பெயரைத்தான் சொல்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. 1980 வாக்கில் டெட்ராய்டின் கறுப்பின மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் விருந்துகள் நடத்துவார்கள். அந்தக் குழுக்களுக்கு ஐரோப்பிய ஆடை நிறுவனங்களையும் நாகரிகப் பத்திரிகைகளையும் ஒட்டிய பெயர்கள். இத்தாலிய சட்டை, இத்தாலிய டிஸ்கோ. அங்கே ஓடிய 'ஷேர்வாரி' என்ற 1981ஆம் ஆண்டு இசைத்தட்டுதான் முதல் டெட்ராய்ட் டெக்னோ என்று ஒரு கட்சி. அதே வருடம் அட்கின்ஸும், வியட்நாம் போரில் இருந்து திரும்பிய ரிக் டேவிஸும் சைபோட்ரான் என்ற பெயரில் வெளியிட்ட 'ஆலீஸ் ஆஃப் யுவர் மைண்ட்' தான் முதல் என்று இன்னொரு கட்சி. எதுவானாலும், டெட்ராய்ட் பிள்ளைகள் ஐரோப்பாவைக் கனவு கண்டார்கள். பத்து வருடம் கழித்து பெர்லின் பிள்ளைகள் டெட்ராய்டைக் கனவு கண்டார்கள். இந்த இசையில் தூரத்து ஊர் மீதான ஏக்கம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

'டெக்னோ' என்ற பெயரை வைத்தது யார்?

சொல்லாகப் பார்த்தால், ஃபிராங்ஃபர்ட்டில் டாலா 2எக்ஸ்எல்சி என்ற டிஜே 80களின் தொடக்கத்திலேயே தான் வேலை பார்த்த இசைத்தட்டுக் கடையில் மின்னணு இசைக்கு அந்தப் பெயரில் தனி அலமாரித் தட்டு வைத்திருந்தார். 1984இல் 'டெக்னோகிளப்' என்று நிகழ்ச்சியும் தொடங்கினார். ஆனால் அவர் தட்டில் இருந்தவை டெப்பெஷ் மோட், நியூ ஆர்டர் மாதிரியான பிரிட்டிஷ் குழுக்களின் இசைத்தட்டுகள்.

அட்கின்ஸ் அந்தச் சொல்லுக்கு வேறு வழியில் வந்தார். ஆல்வின் டாஃப்ளர் 1980இல் எழுதிய 'மூன்றாம் அலை' புத்தகத்தில் 'டெக்னோ கலகக்காரர்கள்' என்று ஒரு சொல் வரும். அதிலிருந்து எடுத்தார். சைபோட்ரான் 1984இல் 'டெக்னோ சிட்டி' என்ற பாட்டை வெளியிட்டது.

பெயர் ஊரோடு ஒட்டிக்கொண்டது 1988இல். நீல் ரஷ்டன் என்ற ஆங்கிலேயர், வர்ஜின் நிறுவனத்தின் துணை லேபிளுக்காக டெட்ராய்ட் பாட்டுகளைத் தொகுத்தார். சிகாகோவில் பிறந்த ஹவுஸ் என்ற ஆட்ட இசை அப்போது பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்ததால், 'டெட்ராய்டின் ஹவுஸ் ஒலி' என்பதுதான் முதலில் நினைத்த தலைப்பு. அட்கின்ஸ் கொடுத்த பாட்டின் பெயர் 'டெக்னோ மியூசிக்'. தாங்கள் செய்வதற்குத் தனிப் பெயர் உண்டு என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தலைப்பு 'டெக்னோ! தி நியூ டான்ஸ் சவுண்ட் ஆஃப் டெட்ராய்ட்' என்று மாறியது. விற்பதற்கு ஒரு பெயர் வேண்டும் என்பது லண்டனின் தேவை. அந்தப் பெயர் என்ன என்று முடிவு செய்தது டெட்ராய்ட். இந்த ஒரு காரணத்துக்காகவே, 'டெக்னோ' என்ற சொல்லைப் பயன்படுத்துகிற எவரும் அட்கின்ஸ் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிகாகோ ஹவுஸும் இதுவும் ஒன்றா?

அக்கம்பக்கத்து வீடுகள். சிகாகோவில் ஹவுஸின் முன்னோடி டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் பயன்படுத்திய டிஆர்-909 டிரம் மெஷினை அவருக்கு விற்றவரே டெரிக் மே. காரில் நான்கு, ஐந்து மணி நேரப் பயணம், போக வர இருந்தார்கள். சாண்டர்சனின் இன்னர் சிட்டி குழு 1988இல் 'பிக் ஃபன்' பாட்டால் உலகப் புகழ் பெற்றபோது பாடிய பாரிஸ் கிரே சிகாகோக்காரர்தான்.

ஒரு பாட்டைக் கேட்டவுடன் 'இது டெட்ராய்ட்' என்று கண்டுபிடிக்க முடியுமா?

கண்டுபிடிக்க முடியும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். சில அடையாளங்கள் இருக்கின்றன. வயலின் கூட்டம் போல நீளும் சின்தசைசர் ஒலி. கீபோர்டில் ஒரே கட்டையை அழுத்தினால் முழுக் கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒலிக்கும்படி எந்திரத்தில் பதிந்துவிட்டு, அந்தக் கார்டை அப்படியே மேலும் கீழும் நகர்த்துவது. அதில் ஒரு சோகம் வரும். உதைக்கும் டிரம் நேராகப் போக, மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் தள்ளி விழுவது. ரிதிம் இஸ் ரிதிம் என்ற பெயரில் டெரிக் மே 1987இல் வெளியிட்ட 'ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்' பாட்டில் பாஸ் வரியே கிடையாது. மைக்கேல் ஜேம்ஸ் வாசித்த பியானோவை வெட்டி ஒட்டி, அதன் மேலேயே முழுப் பாட்டையும் நிறுத்தியிருக்கிறார். ஆட வைக்கும் பாட்டில் பாஸ் இல்லாமல் யார் செய்வார்கள்?

ஆனால் இந்த அடையாளங்கள் எல்லாமே கற்றுக்கொள்ளக் கூடியவை. நெதர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஜப்பானிலும் இதை மனம் உருகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், டெட்ராய்டில் பிறந்து வளர்ந்த ராபர்ட் ஹூட் 90களில் இசையை எலும்பு வரை செதுக்கி, மினிமல் என்ற தனிப் பாதையே போட்டார். அதில் வயலினும் இல்லை, சோகக் கார்டும் இல்லை. காதை மட்டும் நம்பி ஊரைச் சொல்பவர் இரண்டு பக்கமும் தவறுவார்.

அப்புறம் பெர்லின் எப்படி உள்ளே வந்தது?

1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தது. கிழக்கு பெர்லினில் யாருடையது என்று தெரியாத கட்டடங்கள் ஏராளம். லைப்சிகர் தெருவில் வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடி நின்ற இடத்தில், தரைக்கு அடியில் அதன் பெட்டக அறை மட்டும் மிஞ்சியிருந்தது. வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பத்திடமிருந்து கடையை நாஜிகள் பறித்தார்கள். 1991 மார்ச்சில் டிமித்ரி ஹேகமானும் நண்பர்களும் அந்த அறையில் ட்ரெசோர் கிளப்பைத் திறந்தார்கள். துருப்பிடித்த பெட்டகங்கள், தாழ்ந்த கூரை, புகை. கிழக்கும் மேற்கும் ஒரே தரையில் ஆடிய முதல் தலைமுறை அது.

அங்கே ஓடிய இசை எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். ட்ரெசோர் லேபிளின் முதல் வெளியீடே டெட்ராய்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழு, அதாவது மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹூட், எக்ஸ்-101 என்ற பெயரில் செய்தது. 1993இல் வந்த தொகுப்புக்கு 'பெர்லின்–டெட்ராய்ட்: டெக்னோ கூட்டணி' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பெர்லின்காரர்கள் தொடக்கத்தில் மூலத்தை மறைக்கவே இல்லை, அட்டையிலேயே அச்சடித்தார்கள். மறதி பின்னால் வந்தது. கிளப் சுற்றுலா பெரும் வருமானமாக மாறி, வெளிநாட்டிலிருந்து வார இறுதிக்குப் பறந்து வருபவர்கள் 'டெக்னோ என்றால் பெர்லின்' என்று கற்றுக்கொண்டு திரும்பிய காலத்தில்.

2024இல் யுனெஸ்கோவே பெர்லின் டெக்னோவை அங்கீகரித்துவிட்டதே?

தலைப்புச் செய்தி மட்டும் படித்தால் அப்படித் தோன்றும். 2024 மார்ச்சில் நடந்தது, ஜெர்மனியின் தேசியப் பட்டியலில் 'பெர்லினின் டெக்னோ பண்பாடு' சேர்க்கப்பட்டது. ஒரு நாட்டுக்குள் வாழும் வழக்கத்தைக் குறிக்கும் பட்டியல் அது. எங்கே பிறந்தது என்ற தீர்ப்பு அதில் இல்லை. உலகப் பட்டியலும் வேறு. பெர்லினின் கிளப்புகள் வாடகை உயர்வால் மூடப்படும் நேரத்தில் இந்த அங்கீகாரம் அவற்றுக்கு உதவினால் எனக்குச் சந்தோஷம்தான். அதே கவனம் டெட்ராய்டுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கமும் இருக்கிறது.

ரிச்சி ஹாட்டின் டெட்ராய்ட்காரரா?

இந்தக் கேள்விக்கு இன்றும் நண்பர்கள் முகம் சிவந்து பேசுவார்கள். ஹாட்டின் இங்கிலாந்தில் பிறந்தவர், வெள்ளையர். அப்பா ஜெனரல் மோட்டார்ஸில் ரோபோ தொழில்நுட்பம் பார்த்தவர். ஒன்பது வயதில் கனடாவின் வின்சர் பக்கம் குடிவந்தார்கள். வின்சரிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில் டெட்ராய்ட். நதிக்கு அடியில் சுரங்கப்பாதை, நடுவில் குடியுரிமைச் சோதனை. பதின்ம வயதிலேயே அக்கரைக்குப் போய் கேட்டு, ஆடி, டிஜே ஆகிவிட்டார். 1990இல் ஜான் அக்வவிவாவுடன் பிளஸ் 8 லேபிளைத் தொடங்கியபோது ஆரம்பகால இசைத்தட்டில் 'டெட்ராய்டின் எதிர்கால ஒலி' என்று போட்டார்கள். நகரத்துக்குள் இருந்தவர்கள் கொதித்துப் போனார்கள்.

என் கருத்து: அவர் அந்த இசைக்கு உண்மையாக இருந்தவர், திறமையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோபமும் நியாயமானது. பெயரை வைத்தவர்கள் உயிரோடு, இளமையாக, பக்கத்துத் தெருவில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, அவர்களுடைய எதிர்காலத்தை அக்கரையிலிருந்து ஒருவர் தன் பெயரில் அறிவித்தால் எப்படிப் பொறுப்பார்கள்? "டெட்ராய்டிடம் கற்றோம்" என்று போட்டிருந்தால் ஒரு சத்தமும் வந்திருக்காது.

'ஜாகுவார்' விவகாரம் என்றால் என்ன?

அசல், நகல் பற்றிப் பேசும்போது நான் முதலில் சொல்லும் கதை இது. 1999இல் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் லேபிளில் டிஜே ரொலாண்டோ 'நைட்ஸ் ஆஃப் தி ஜாகுவார்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ரொலாண்டோ டெட்ராய்டின் தென்மேற்குப் பகுதியில், மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் வந்தவர். (டெட்ராய்ட் டெக்னோவைக் கறுப்பர்களோடு மட்டும் நிறுத்திவிடுபவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள்.) பாட்டு உலகம் முழுக்கத் தீயாய்ப் பரவியது. சோனியின் ஜெர்மன் கிளை உரிமம் கேட்டது. பெரிய நிறுவனங்களோடு சேர்வதில்லை என்பது அந்த லேபிளின் கொள்கை, கிடைக்கவில்லை. உடனே அதே பாட்டை வேறு ஆட்களை வைத்து, சுரம் சுரமாக அப்படியே வாசித்துப் பதிவு செய்தார்கள்.

அசல் பதிவை எடுத்துப் போட அனுமதி வேண்டும். ஒரு மெட்டைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்ய சட்டத்தில் சுலபமான வழி உண்டு. அந்த இடைவெளிக்குள் புகுந்தார்கள். டெட்ராய்ட் லேபிளும் பல நாட்டு ரசிகர்களும் மின்னஞ்சலாக அனுப்பித் தள்ளினார்கள். கடைசியில் சோனி பின்வாங்கியது.

அந்தப் போலிப் பதிவைக் கேட்டால் காதுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. அதனால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியம். ஒலி ஒன்றுதான். மாறியது எல்லாம், காசு யார் வீட்டுக்குப் போகிறது, முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. அசல் என்று நான் சொல்லும்போது இந்த இரண்டையும்தான் சொல்கிறேன்.

அப்படியென்றால் வெள்ளையர்களும் ஐரோப்பியர்களும் டெக்னோ செய்யவே கூடாதா?

தாராளமாகச் செய்யலாம். எப்படிச் செய்தால் அழகு என்பதற்குப் பெர்லினிலேயே உதாரணம் இருக்கிறது. மார்க் ஏர்னஸ்டஸ் 1989இல் கிராய்ட்ஸ்பெர்க்கில் ஹார்ட் வாக்ஸ் கடையைத் திறந்து டெட்ராய்ட் இசைத்தட்டுகளை நேரடியாக வரவழைத்து விற்றார். அவரும் மோரிட்ஸ் ஃபோன் ஓஸ்வால்டும் பேசிக் சேனல் என்ற பெயரில் இசை செய்தபோது, தட்டு வெட்டும் வேலைக்கு (இசையை மூலத் தட்டில் செதுக்குவதற்கு) டெட்ராய்டின் ரான் மர்ஃபியிடம் அனுப்பினார்கள். மர்ஃபியும் வெள்ளையர்தான், நகரத்தின் டெக்னோ லேபிள்கள் பலவற்றுக்கு அவர்தான் ஆஸ்தான வெட்டுக்காரர். பெர்லினிலிருந்து வேலையும் பணமும் டெட்ராய்டுக்குப் போனது. பேசிக் சேனலின் இசையோ டெட்ராய்ட் போல ஒலிக்கவில்லை, ஜமைக்காவின் டப் இசை கலந்து தனக்கென ஒரு ஒலி கண்டது.

நம் மதுரை மல்லிக்கு இருப்பது போல இதற்குப் புவிசார் குறியீடு வாங்க முடியாதா?

மல்லிக்கு மண் இருக்கிறது, அதைச் சோதித்துச் சொல்லலாம். இசையின் பாணிக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. இருந்தாலும் சாண்டர்சனை புரூக்ளின் என்று வெளியே தள்ளிவிடுவார்கள். வேண்டாம்.

எல்லாம் ஆண்கள் பெயராகவே இருக்கிறதே?

நியாயமான கேள்வி. கே-ஹேண்ட் என்ற கெல்லி ஹேண்டைக் கேளுங்கள். டெட்ராய்ட்காரர், 1990இலேயே சொந்த லேபிள் தொடங்கியவர், கடைசி வரை அதைத் தானே நடத்தினார். 2017இல் டெட்ராய்ட் நகரமே அவரை டெக்னோவின் முதல் பெண்மணி என்று கௌரவித்தது. 2021இல் காலமானார். 'மூலவர் மூவர்' என்ற கதையை நாம் திரும்பத் திரும்பச் சொல்வதால் இவரைப் போன்றவர்கள் ஓரத்துக்குப் போகிறார்கள். மூவருடன் தொடக்கத்திலிருந்தே இருந்த எடி ஃபோல்க்ஸ்கூட அப்படித்தான் விடுபடுகிறார்.

நான் சென்னையில் லேப்டாப்பில் டெக்னோ செய்கிறேன். 'டெட்ராய்ட் டெக்னோ' என்று போடலாமா?

'டெக்னோ' என்று போடுங்கள், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஊர்ப் பெயரைக் குறிச்சொல்லாக ஒட்டுவதைவிட, விவரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் பாட்டிலிருந்து எதைக் கற்றீர்கள் என்று. சாம்பிள் (பிறர் பதிவிலிருந்து ஒரு துண்டு) எடுத்தால் கேட்டு எடுங்கள், காசு கொடுங்கள். பிடித்த டெட்ராய்ட் லேபிளிடம் நேரடியாக ஒரு பாட்டாவது வாங்குங்கள். நீங்கள் நிகழ்ச்சி நடத்துபவர் என்றால், வெளிநாட்டு டிஜேக்களை அழைக்கும் பட்டியலில் அந்த ஊர்ப் பெயர் ஒன்றாவது இருக்கட்டும். உங்கள் தெருச் சத்தம் தானாகப் பாட்டுக்குள் வந்தால் வரட்டும். வெளிநாட்டுக்காரருக்குப் பிடிக்கும் என்று தவிலைத் திணிக்காதீர்கள்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

சைபோட்ரானின் 'கிளியர்' (1983), மாடல் 500 என்ற பெயரில் அட்கின்ஸின் 'நோ யூஎஃப்ஓஸ்' (1985), பிறகு 'ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்'. அடுத்து டிரெக்சியா. அட்லாண்டிக் கடலில் அடிமைக் கப்பல்களிலிருந்து வீசப்பட்ட கர்ப்பிணிகளின் பிள்ளைகள் நீருக்கடியில் ஒரு நாடு கட்டினார்கள் என்று இசையாலேயே ஒரு புராணம் செய்த இருவர். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'ஜாகுவார்' கடைசியில், நல்ல ஸ்பீக்கரில், முழுதாக.

ஊரையே பார்க்க முடிந்தால் மே மாதக் கடைசி வாரத்தில் போங்கள். 2000இல் டெட்ராய்ட் இசைக்கலைஞர் கார்ல் கிரெய்க் இசைப் பொறுப்பேற்று, கட்டணம் இல்லாமல் தொடங்கிய மின்னணு இசை விழா இப்போது கட்டணத்தோடு ஆற்றங்கரையின் ஹார்ட் பிளாசாவில் நடக்கிறது. மேடையிலிருந்து பார்த்தால் வின்சர் தெரியும். மறுநாள் கிராண்ட் புலவார்டுக்குப் போங்கள். அதன் மேற்குப் பக்கம் மோட்டவுனின் பழைய வீடு, அருங்காட்சியகமாக. அதே சாலையின் கிழக்குப் பக்கம், 3000ஆம் எண் கட்டடத்தில் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் ஆட்கள் தாங்களே அமைத்த சிறிய டெக்னோ அருங்காட்சியகம் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். கீழே இசைத்தட்டுக் கடை.